வாய் மூடினால் குணம்

1

இந்தக் கதை என் கைக்கு வந்தது ஒரு கண்ணாடிக்கடைக்காரரின் புண்ணியத்தில். என் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் கழன்றுவிட்டது. ‘அரை மணி நேரத்துல ரெடி’ என்றார். கடைக்காரர்களின் அரை மணி நேரம் எவ்வளவு என்பது உங்களுக்கும் தெரியும். கண்ணாடி இல்லாமல் தெருவில் நிற்கப் பயந்து பக்கத்துக் கடைக்குள் நுழைந்தேன். அது வண்ணமீன் கடை. மீன் வளர்க்கும் உத்தேசம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, சுவரெல்லாம் நீலமாக ஏதோ மினுங்கியது, உட்கார ஒரு முக்காலியும் கிடந்தது.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றிருந்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது: “வாய் எப்படி இருக்கு?”

“தொறந்துடுச்சு!” என்றார் அவர், மகள் பரீட்சையில் தேறிவிட்டதைச் சொல்லும் சந்தோஷத்தோடு. “காலைல பார்த்தேன். நல்லா பெருசா தொறந்துடுச்சு!”

“ஐயோ” என்றது குரல்.

அதற்குள் என்னைக் கண்ணாடிக்கடையில் கூப்பிட்டுவிட்டார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பி ஓடிவந்தபோது அந்த ஆள் போயிருந்தார். “யாருக்குங்க உடம்பு சரியில்ல?” என்று கடைக்காரரிடம் கேட்டேன். “பூவுக்கு” என்றார் அவர், ஊருக்கே தெரிந்த விஷயத்தைக் கேட்கிறேனே என்ற அலுப்புடன்.

மீதி எல்லாம் என் சொந்தச் சரக்கு. கதாநாயகனின் முக வர்ணனையை எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அவர் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த ‘ஐயோ’வை நான் தெளிவாகக் கேட்டேன். அதில் பூவுக்கான துக்கம் கொஞ்சமும் வேறு எதற்கோ ஆன துக்கம் நிறையவும் இருந்ததாகப் பட்டது. அந்த வேறு எதுவோ என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கடலை ஒருமுறைகூடப் பார்த்திராத அந்தக் கடல் சாமந்தி, கண்ணாடித் தொட்டிக்குள் கடலை நினைத்து ஏங்கியபடி—

[நிறுத்திவிட்டேன். கடல் சாமந்திக்கு மூளையே கிடையாது. பெயரில்தான் சாமந்தி, அது பூவும் இல்லை, செடியும் இல்லை, பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் ஒரு பிராணி. கீழே ஒரு கால், மேலே விரல் விரலாக இதழ்கள், நடுவில் ஒரு வாய். உண்பதும் அதே வாய், கழிவைத் தள்ளுவதும் அதே வாய், நமக்குத் தெரிந்த சிலரைப்போல. இதன் தலையில் என் ஏக்கத்தைக் கட்டப் பார்த்தது அநியாயம். அதற்குத் தலையும் கிடையாது.]

அடுத்தது:

அந்த வீட்டில் மூன்று உயிர்கள் இருந்தன: ஒரு மனிதன், ஒரு மீன், ஒரு பூ.

என் தங்கைக்கு இதைப் படித்துக் காட்டினேன். தொலைவில் இருக்கிறாள், நான் எழுதும் எல்லாவற்றையும் போனில் கேட்டுக் குறை சொல்லும் ஒரே வாசகி அவள்தான். “என்னக்கா, விடுகதை போடுறியா? கடைசில ‘அது என்ன’ன்னு கேட்டுடாத” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

3

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். யார் யாருடைய வாய்களோ அச்சாக அவள் மேசைக்கு வரும், அதற்குள் பல் பொருத்தி அனுப்புவாள். கல்யாணமாகிப் பல வருடம். பிள்ளை இல்லை. வரவேற்பறையில் சோபாவுக்கு எதிரே டிவி இருக்கவேண்டிய இடத்தில் ஓர் உப்புநீர்த் தொட்டி இருந்தது. அது முழுக்க அவள் ராஜ்ஜியம்.

[முதல் பிரதியில் அவனை ‘அவர்’ என்றும் அவளை ‘அவள்’ என்றும் எழுதியிருந்தேன், கைப்பழக்கம். தங்கை கழுவி ஊற்றினாள். இப்போது இரண்டு பேரும் சமம். ஆனால் பேச்சில் அவள் அவனை ‘நீங்க’ என்பாள், அவன் அவளை ‘நீ’ என்பான். அதை மாற்ற எனக்கு அதிகாரம் போதாது.]

தொட்டியில் அந்தக் கடல் சாமந்தி. ‘பூ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதன் இதழ்களுக்குள் படுத்து எழுந்து, அதன் தயவிலேயே காலம் தள்ளும் ஆரஞ்சு நிற மீன் ஒன்று. அதற்கு அவள் வைத்த பெயர் ‘மாப்பிள்ளை’. வீட்டோட மாப்பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பது?

வேறோர் ஊரில் பெரிய கூடம் ஒன்றிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. நல்ல வேலை. ஒரு வருடம் என்று போனாள். வருடம் முடியும் தறுவாயில், “இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க, என்ன சொல்லட்டும்?” என்று கேட்டாள். “நல்ல விஷயம்தானே” என்றான் அவன். அவள் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நினைத்தான். இருக்காதே, வந்துவிடு என்று அவன் சொல்வான் என அவள் எதிர்பார்த்திருக்கலாம் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை. எட்டியபோது பேச்சு வேறெங்கோ போய்விட்டிருந்தது.

அதன்பின் போன் பேச்சு தேய்ந்தது. சாப்டீங்களா? சாப்டேன். நீ? ம். மழையா? இல்ல. சரி, வச்சிடறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் பேச்சில் கெட்டிக்காரன். பாதி மாடியில் லிஃப்ட் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் இவனைத்தான் அனுப்புவார்கள். மூடிய கதவில் வாயை வைத்து, “பயப்படாதீங்க, நான் இங்கேயேதான் நிக்கிறேன், எங்கயும் போகல. உங்க பேர் என்ன? என்ன வேலை பாக்குறீங்க?” என்று பேசிக்கொண்டே இருப்பான். அழுதவர்கள் சிரித்தபடி வெளியே வந்திருக்கிறார்கள். முகம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொல்லத் தெரிந்தவனுக்கு, பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை வரவில்லை.

4

தொட்டியின் விளக்கு ஒருநாள் எரியாமல் போனது. அவன் வீட்டிலிருந்த வேறொரு விளக்கை மாட்டினான். வெளிச்சம் வெளிச்சம்தானே! பூவுக்கு அப்படி இல்லை. அதற்குப் பாதிச் சாப்பாடே சரியான வெளிச்சம்தான். நிறம் வெளுத்தது. இதழ் சுருங்கியது. பாறையிலிருந்து கால் கழன்று, தண்ணீர் தள்ளிய பக்கமெல்லாம் உருண்டது. மாப்பிள்ளை பின்னாலேயே அலைந்தது.

பயந்துபோய் அவளுக்கு வீடியோவில் காட்டினான். அவள் ஒரேயடியாகத் திட்டினாள். பிறகு, “வாயைப் பாத்துக்கிட்டே இருங்க. வாய்தான் முக்கியம்” என்றாள். முக்கியம் என்றாளே தவிர, எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்திருப்பாள்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் காலை அந்த வாய் மெல்லத் திறந்து அகலமாக நின்றது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் பிழைப்பு முழுக்கக் கதவு திறப்பது. திறந்தால் ஆள் பிழைத்தார் என்று அர்த்தம். வண்ணமீன் கடைக்கு ஓடி, பூ பிழைத்துவிட்டது, இனி என்ன கொடுக்கலாம் என்று கேட்டான். கடைக்காரர், “கண்ணு பட்டிருக்கும், அதான் இப்படி ஆச்சு, இப்ப சரியாயிடும்” என்றார். அந்த மனிதருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அங்கேதான் அவள் போன் வந்தது. அங்கேதான் நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

கடல் சாமந்தி வாயைத் திறந்து வைத்திருந்தால் அது சாகக் கிடக்கிறது என்று பொருள். மூடினால்தான் குணம்.

“அழாத” என்றான் அவன். அவள் அழுகிறாளா என்பது எனக்குத் தெரியாது. அப்போது நான் கண்ணாடிக்கடைக்குப் போய்விட்டேன். ஆனால் அழுதாள் என்றுதான் வைத்துக்கொள்கிறேன்.

5

அவள் யார் யாரையோ விசாரித்து ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். காய்ச்சலுக்கு மனிதர்கள் விழுங்கும் ஒரு மாத்திரை. பூவைத் தனி வாளியில், உப்புநீரில், இருட்டில் வைக்கவேண்டும். மாத்திரையைப் பொடித்துக் கரைக்கவேண்டும். தினமும் தண்ணீரை முழுக்க மாற்றவேண்டும். வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டுப்போகும்.

[மாத்திரையின் பெயரையும் அளவையும் சொல்லமாட்டேன். இந்தக் கதையைப் பார்த்து வைத்தியம் செய்து உங்கள் வீட்டுப் பூ செத்தால் பழி என் தலையில் விடியும்.]

மருந்துக்கடையில் அவன் போய் நின்றதை எழுதும்போதுதான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

“யாருக்கு?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“வீட்டுல.”

“அவங்களுக்கு என்ன பண்ணுது?”

“சுருங்கிப்போய்க் கெடக்குங்க. எதையும் பிடிச்சு நிக்க முடியல. வாயை மூடவே மாட்டேங்குது.”

“வாயை மூடுறதுக்கு மாத்திரை இருந்தா நானே எங்க வீட்டுக்கு வாங்கிட்டுப் போயிருப்பேனே!” என்று சிரித்தவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவன் கைப்பேசியில் படத்தைக் காட்டினான். அவர் படத்தைப் பெரிதாக்கி, திருப்பி, தலைகீழாகப் பார்த்தார். பிறகு மாத்திரையை எடுத்துப் போட்டுவிட்டு, வாய் தவறிச் சொன்னார்: “சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க.”

இதை அவளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். “‘வீட்டுல’ன்னு சொன்னா பொண்டாட்டின்னுதானே நினைப்பார்!” என்றாள். வீட்டில் இல்லாத பெண்டாட்டியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

6

தினமும் வேலை விட்டு வந்ததும் அவன் வாளி முன்னால் தரையில் உட்காருவான். போனை முக்காலியில் சாய்த்து வைப்பான். அவள் தன் அறையில் தட்டோடு உட்கார்ந்திருப்பாள்.

“தண்ணிய மெதுவா ஊத்துங்க. அது மேல ஊத்தாதீங்க. ஓரமா.”

“ஓரமாத்தான் ஊத்துறேன்.”

“இந்தப் பக்கம் திருப்புங்க. ம். கால் வாளில ஒட்டுதா?”

“லேசா விரல்ல தொட்டுப் பார்த்தேன். பிடிக்குது.”

“நெசமாவா? என்னையும் ஒருநாள் அப்படித்தான் பிடிச்சுது. விரலை எடுக்கவே மனசு வரல.”

பூவில் தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும். அவள் கூடத்தில் யாரோ ஒரு கிழவரின் பல்செட்டில் அவர் கேட்டபடி ஓர் இடைவெளி வைத்தது, அவர் சிரித்தால் அவர் மனைவிக்கு அந்தச் சந்துதான் பிடிக்குமாம். அவன் லிஃப்டில் மாட்டிய ஒரு பாட்டு வாத்தியார், கதவு திறக்கும்வரை பாடிக்கொண்டே இருந்தது. தொட்டியில் மாப்பிள்ளை தண்ணீர் மோட்டாரைப் பூவாக நினைத்து அதில் உரசிக்கொண்டு தூங்குவது. “பாவம், ஆள் இல்லன்னா எதையாவது பிடிச்சுக்க வேண்டியதுதான்” என்றாள் அவள். அவன் தண்ணீரை ஓரமாக ஊற்றிக்கொண்டே இருந்தான்.

கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை. நாளெல்லாம் அவன் அந்த வாளிக்காகக் காத்திருந்தான். வேலையில் திருப்புளியைத் திருகும்போதே, இன்று அவளிடம் எதைச் சொல்வது என்று சேர்த்து வைத்துக்கொண்டான்.

அப்புறம் ஒருநாள் பூவின் வாய் மூடியது.

7

இங்கேதான் நான் பல வாரம் நின்றுவிட்டேன்.

எழுதி அடித்தது: அன்று அவன் மாத்திரையைக் கரைக்கவில்லை. பூ மீண்டும் நோயில் விழட்டும் என்று—

இல்லை. இதை அவன் செய்யமாட்டான். அடுத்தவர் அலறலைக் கேட்டு ஓடிக் கதவு திறக்கும் கை அது. இன்னொன்றும் அடித்தேன்: வாய் மூடியதும் குதூகலமாக அவளிடம் சொல்கிறான், அவள் வாழ்த்துகிறாள், பேச்சு பழையபடி சாப்டீங்களாவில் வந்து நிற்கிறது. இது நடக்கக்கூடியதுதான். எழுதி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது, அதனால் கிழித்தேன்.

அவன் செய்தது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மருந்து நாள் முடிந்தது. பூவைத் தொட்டிக்கு, அவள் சொன்னபடி வாங்கி மாட்டிய புது விளக்கின் கீழே, திருப்பி விடவேண்டும். அவன் விடவில்லை. “இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்” என்று வாளியின் மேல் துணியை மூடினான். போனிலும் வாளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவராமல் நிழலாகவே காட்டினான். பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. இருட்டில் பூ கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினி கிடந்தது. இது அவனுக்குத் தெரியும். துணியை எடுக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. அடுத்த நாளும் மூடினான்.

“இவன் கல்நெஞ்சுக்காரன்கா” என்றாள் தங்கை. “அந்தச் சீவன் என்ன பாவம் பண்ணிச்சு?”

நான் அவனுக்காக வாதாடினேன். போனில் காது சுடும்வரை வாதாடினேன். அவள் விடவில்லை. கடைசியில், “சரி, எப்பதான் முடிக்கப்போற இந்தக் கதைய?” என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கதை தொடங்கியதிலிருந்து அவள் அடிக்கடி கூப்பிடுகிறாள். ஒரு பத்தி மாற்றினால் போன். ஒரு வரி அடித்தால் போன். முந்தைய கதைக்கும் இதற்கும் நடுவில் நாங்கள் பேசிக்கொண்டது பிறந்தநாளன்று மட்டும்தான். கதை எப்போதோ முடியும் நிலைக்கு வந்துவிட்டது. நான்தான் அதன்மேல் துணியைப் போட்டு வைத்திருக்கிறேன்.

[இந்தப் பத்தியை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.]

8

ஆகவே அவனைச் சொல்லவைத்தேன்.

“பூ எப்படி இருக்கு?” என்றாள் அவள்.

அவன் துணியை எடுத்தான். வாளியைத் தூக்கி விளக்கின் கீழே வைத்தான். “நல்லாயிடுச்சு” என்றான். “போன வாரமே நல்லாயிடுச்சு. நான்தான் தொட்டில விடல.”

“தெரியும்” என்றாள் அவள்.

“என்ன தெரியும்?”

“வாய் மூடினது. அன்னிக்கே பார்த்தேன். நாளெல்லாம் வாயைப் பாக்குறவ நான். நிழல்ல காட்டினா தெரியாதுன்னு நினைச்சீங்களா?”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

“நீங்க ஏன் சொல்லல?”

அவன் வாளியைப் பார்த்தான். அவள் திரையில் வேறெங்கோ பார்த்தாள். இரண்டு பேர் சேர்ந்து ஓர் உயிரை இருட்டில் வைத்திருந்தது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

“விடுங்க அதை. பாவம், பசிக்கும்” என்றாள் அவள்.

அவன் இரு கைகளாலும் பூவை அள்ளித் தொட்டிக்குள் இறக்கினான். பாறை மேல் வைத்துக் கையை எடுக்காமல் இருந்தான். வெகு நேரத்துக்குப் பின் கால் பிடித்தது. ஓர் இதழ் நீண்டது, இன்னொன்று. மோட்டாரோடு ஒட்டிக்கிடந்த மாப்பிள்ளை அங்கிருந்தே பார்த்தது, பக்கத்தில் வந்தது, திரும்பிப் போனது. “வெக்கப்படுது” என்றான் அவன். “கோவமா இருக்கும்” என்றாள் அவள். பிறகு தொட்டியில் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

“சரி, அப்ப…” என்றாள் அவள். “வரட்டுமா?”

9

இதற்கு மேல் என்னால் ஓர் எட்டும் வைக்க முடியவில்லை. காரணம் நம் மொழி.

நம்மில் யாரும் போகிறேன் என்று சொல்லிப் போவதில்லை. அடுத்த தெருவுக்குப் போகிறவரும் ‘வரேன்’ என்கிறார், திரும்பவே போவதில்லை என்று முடிவு கட்டியவரும் ‘வரட்டுமா’ என்றுதான் விடைபெறுகிறார். கிளம்புகிறவளும் இதையே சொல்வாள், கிளம்பி வருகிறவளும் இதையே கேட்பாள். போனை வைக்கும்போது அவள் எப்போதும் சொல்வது ‘வச்சிடறேன்’. இன்று வேறு சொல் வந்திருக்கிறது. பூ பிழைத்துவிட்டது, இனி நமக்குள் என்ன, நான் விடைபெறட்டுமா என்கிறாளா? வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வரட்டுமா என்கிறாளா? எழுதியவள் நான்தான், எனக்கே தெரியவில்லை. காலையில் படித்தால் வருகிறாள். சாயங்காலம் படித்தால் போகிறாள்.

‘எதைக் கேக்குற?’ என்று அவனைக் கேட்கவைக்கலாம் என்று தங்கை யோசனை சொன்னாள். எழுதிப் பார்த்தேன். அப்படிக் கேட்டால் அவள் ‘ஒண்ணுமில்ல, வச்சிடறேன்’ என்றுவிடுவாள். அவளை எனக்கு அந்த அளவுக்குத் தெரியும்.

அவன் முன்னால் இருப்பவை இரண்டே பதில்கள். ‘சரி’ என்று சொல்லலாம். போகிறவள் என்றால் போய்விடுவாள். வருகிறவள் என்றால், அனுமதி கிடைத்ததென்று வருவாள், தன்னை யாரும் கூப்பிடவில்லை என்ற நினைப்போடு. இல்லையென்றால் ‘வா’ என்று சொல்லலாம். வருகிறவள் வருவாள். போகிறவளாக இருந்தால், கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. அவன் வெட்கத்தை விட்டுக் கெஞ்சியதாகிவிடும். அதன்பின் அவள் சிரிக்கலாம், பேசாமல் இருக்கலாம், வைத்தும் விடலாம்.

அவள் இன்னும் வைக்கவில்லை. அவள் அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது. அவன் ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

நான் எழுதும் பதில் எதுவானாலும் அது என்னுடைய பயமாகத்தான் இருக்கும். அதனால் அந்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன். உங்களிடமும் என்றைக்காவது யாராவது வாசலில் நின்று ‘வரட்டுமா’ என்று கேட்டிருப்பார்கள். அன்று நீங்கள் சொன்னதை இங்கே எழுதவேண்டாம். சொல்லாமல் விட்டதை எழுதுங்கள்.

“                    ” என்றான் அவன்.